சூழலியல் ஆய்வில் இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டில் களப்பணி வைத்து முனைவர் பட்டம் செய்ய வருகிறவர்கள் பலர், முதல் வருடம் முழுக்கக் கட்டுரைகளைப் படித்துவிட்டு அனுமதி மனுவை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ ஆய்வு செய்ய 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். கோப்பு நகர்வதற்குள் ஒரு பருவமழை போய்விட்டால், ஆய்வில் ஒரு வருடம் போனது போலத்தான். சேர்ந்த வாரமே மனு போடுங்கள்.

இதைவிட ஆபத்தானது ஆய்வு வடிவமைப்பில் நடக்கும் தவறு. எரிந்த காடு ஒன்று, எரியாத காடு ஒன்று. ஒவ்வொன்றிலும் தரையில் 20 சதுரக் கட்டம் போட்டு நாற்றுகளை எண்ணி, மொத்தம் 40 மாதிரி என்று கணக்குப் போடுகிறார்கள். வித்தியாசம் தற்செயலானதல்ல என்று காட்டும் பி மதிப்பும் (புள்ளியியல் அளவுகோல்) அழகாக வந்துவிடும். ஆனால் எரிந்த இடம் ஒன்றே ஒன்றுதானே? வித்தியாசம் தீயால் வந்ததா, அந்தச் சரிவில் மண் ஆழம் குறைவு என்பதால் வந்ததா என்று இன்னும் நூறு சதுரம் போட்டாலும் தெரியாது. ஒரே இடத்துக்குள் எடுத்த மாதிரிகளைத் தனித்தனிப் பிரதிகளாக எண்ணும் இந்தத் தவறுக்கு சூடோரெப்ளிகேஷன் (போலிப் பிரதி) என்று பெயர் வைத்தவர் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட். 1984இல் அவர் அலசிய 176 சோதனை ஆய்வுகளில் 27 சதவீதத்தில் இந்தக் குறை இருந்தது. புள்ளியியல் தெரிந்தவரிடம் தரவோடு போகாதீர்கள். களத்துக்குப் போகும் முன்பே போங்கள்.

அதற்காக, பிரதி இல்லாத, அதாவது ஒரே சோதனையைத் தனித்தனி இடங்களில் திரும்பச் செய்யாத ஆய்வெல்லாம் வீண் என்று நினைப்பதும் தவறு. கனடாவின் ஒண்டாரியோவில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழு 1973இல் 226ஆம் எண் ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் பாசி படர்ந்து பச்சையானது. ஒரே ஏரிதான், ஆனால் கேள்வியே ஏரி அளவிலான கேள்வி. கிண்ணத்தில் நீர் எடுத்துச் செய்யும் சோதனைக்கு எத்தனை பிரதி இருந்தாலும் அதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

எல்லோருக்கும் சொந்தமாக ஓர் ஆய்வுக்களம் வேண்டும் என்ற ஆசை வேறு. மூன்று வருடத் தரவில் வறட்சியின் விளைவைப் பேசுவது கஷ்டம். முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேரில் மரங்களை அளந்து வருகிறார்கள். அமெரிக்காவின் ஹப்பார்ட் புரூக் ஆய்வுக்காட்டில் 1963 முதல் ஓடைநீரின் வேதியியல் கணக்கு இருக்கிறது. இப்படி ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் உங்கள் கேள்வியைப் பொருத்த முடியுமா என்று முதலில் பாருங்கள்.

சின்ன விஷயங்களிலும் தரவு கெடும். மரத்தின் சுற்றளவை 1.3 மீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும். அளந்த இடத்தில் பெயின்ட் கோடு போடாவிட்டால், அடுத்த முறை நாடா ஒரு சாண் ஏறி, மரம் இளைத்துவிட்டதாகக் கணக்கு வரும். 'ஒன்றும் இல்லை' என்றால் பூஜ்யம் எழுதுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டால், பார்க்கவே இல்லையா, பார்த்தும் இல்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

அப்புறம், இலையைக் கசக்கி முகர்ந்தே மரத்தின் பெயரைச் சொல்லும் வேட்டைத் தடுப்புக் காவலரை நன்றியுரையில் ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். சில ஆய்வுகளில் அவருக்கு இணை ஆசிரியர் இடமே நியாயம். அந்தப் பேச்சைக் களப்பணி தொடங்கும் முன்பே வழிகாட்டியிடம் பேசிவிடுங்கள். கட்டுரை அனுப்பும் நாளில் எடுத்தால் சங்கடம்தான்.