கோழிக்கு ஏணியாக இருந்த மூங்கில் கழி

கீரை இரண்டு இலை விடும்போதே கோழிகள் பாத்தியைச் சீய்த்துவிடும். ஈர மண்ணில் புழு தேடித்தான் வருகின்றன. கருவேல முள் வெட்டிப் போட்டேன், இடுக்கில் நுழைந்தன. பழைய சேலை காற்றில் கிழிந்தது. அப்புறம் 4 அடி நைலான் வலை. அதையும் தாண்டின.

ஒரு காலை மறைந்து நின்று பார்த்தேன். கோழி ஒரே பாய்ச்சலில் தாண்டுவதில்லை. வலையை இழுத்துக் கட்ட மேலே வைத்த மூங்கில் கழியில் பறந்து ஏறி உட்கார்ந்து, உள்ளே நோட்டம் பார்த்துவிட்டுத்தான் குதிக்கிறது. கழியை உருவி, வலையின் மேல்பகுதியைச் சாண் அளவுக்குத் தொய்வாக விட்டேன். கால் ஊன்ற இடமில்லை, ஏறுவது நின்றது. அப்பாடா என்றிருந்தது. குஞ்சுகள் அடியில் நுழையாதிருக்க வலையை வெளிப்பக்கம் மடித்துக் கல் வைத்தேன்.

இறக்கையை வெட்டச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. நாய் துரத்தினால் அவை பறந்தாக வேண்டுமே.