ரோமானியரின் டிராகன் கொடி: மொட்டை மாடியில் பறக்கவிடுவது எப்படி?

நான்காம் நூற்றாண்டு ரோமானியப் படைகள் தூக்கிச் சென்ற ‘டிராகோ’, கம்பத்தில் தொங்கும் சதுரத் துணி அல்ல. வாய் பிளந்த டிராகன் தலை உலோகத்தில் இருக்கும். அதன் பின்னால் துணிக்குழாயாக உடல் நீளும். வாய்க்குள் காற்று புகுந்தால் உடல் புடைத்து நெளியும். ஒரு பிற்பகலில் செய்துவிடலாம்.

முதலில் துணி. நிறத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கி.பி. 357இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் ரோமுக்குள் நுழைந்தபோது, சூழ்ந்து வந்த டிராகன்கள் ‘பர்ப்பிள்’ துணியால் ஆனவை என்று ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதுகிறார். உடனே கத்தரிப்பூ நிறத்தை வாங்கிவிடாதீர்கள். கடல் நத்தையிலிருந்து எடுத்த அந்தச் சாயத்தில் உயர்ந்த ரகம், உறைந்த ரத்தத்தின் நிறம் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. அடர் அரக்கு நிறப் பழைய நைலக்ஸ் சேலை இருந்தால் அதுவே போதும். அது அரச நிறம். அதே ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் போரில் சிதறி ஓடிய குதிரைப்படைத் தலைவன் ஒருவன், உயர்ந்த ஈட்டியின் நுனியில் இந்த நிற டிராகனைக் கண்டதும் வந்திருப்பது தன் ரோமானியத் தளபதி ஜூலியன் என்று புரிந்து, முகம் வெளிறிக் களத்துக்குத் திரும்பினான்.

அடுத்தது தலை. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் இரு முனைகளையும் வெட்டுங்கள். வாய்ப்பக்கத்தைச் சாய்வாக வெட்டினால் மேல்தாடை நீண்டு நிற்கும். மைதா பசையில் செய்தித்தாளை நான்கு அடுக்கு ஒட்டி, அட்டையில் கொண்டையும் பல்லும் வைத்து, காய்ந்தபின் பொன்னிறம் பூசுங்கள். ஜெர்மனியின் நீடர்பீபரில் கிடைத்த ரோமானிய டிராகோ தலைக்கும் கொண்டை உண்டு. நீளம் சுமார் 30 செ.மீ.

பின்பக்கச் சுற்றளவை நூலால் அளந்து, தையலுக்கு 2 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அந்த அகலத்தில் தொடங்கி 16 செ.மீ.க்குக் குறுகும்படி 150 செ.மீ. நீளத் துணியை வெட்டிக் குழாயாகத் தைத்து, தலையில் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். வால் நுனியைத் தைக்கக் கூடாது. முதல் முறை நான் தைத்துவிட்டேன். காற்று வெளியேற வழியின்றித் தலையணை போல உப்பி நின்றது.

மெல்லிய மூங்கில் கழியைத் தலையின் முன்பகுதியில் மேலும் கீழுமாகத் துளையிட்டுச் செருகுங்கள். துளை சற்றுத் தளர்வாக இருக்கட்டும். தலை கீழே சரியாமலிருக்க, அதற்கடியில் கழியில் ஓர் ஆணி அடித்தால் போதும். துளை தளர்வாக இருந்தால்தான் வால் பின்னால் இழுக்க, வாய் காற்றைப் பார்த்துத் திரும்பும். அம்மியானஸின் டிராகன்கள் சீறினவாம். என்னுடையது வாயில் கட்டிய பாலிதீன் நாடாவின் புண்ணியத்தில் படபடக்கிறது.