ரைடிங் மோவர் டெக்கில் ஓட்டை: ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா?

அமெரிக்காவில் ஒரு ஏக்கர் மனையோடு வீடு வாங்கினால் கூடவே உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியான ரைடிங் மோவரும் வந்து சேரும். எஞ்சின் எண்ணெய் மாற்ற மாற்ற ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் போவது டெக், அதாவது வண்டியடியில் பிளேடுகளை மூடியிருக்கும் இரும்புக் கூடுதான். வெட்டிய ஈரப்புல் உள்பக்கம் அப்பிக்கொண்டு காயாமலே கிடந்து தகட்டை அரிக்கும். உரம் போடும் புல்வெளி என்றால் அரிப்பு இன்னும் வேகம்.

என்னுடையது 42 இன்ச், இரண்டு பிளேடு, தகட்டை அச்சில் அழுத்திச் செய்த டெக். கீழே எழுதியிருப்பது அந்த வகைக்கு.

சின்ன ஓட்டைதானே என்று விட்டுவிடாதீர்கள். புல்வெட்டிகளுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரவிதி ஆன்சி (ANSI) பி71.1-இன்படி பிளேடு நுனி நிமிடத்துக்கு 19,000 அடி வரை சுற்றலாம். அதாவது மணிக்கு 340 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் அடிபட்ட கல் ஓட்டை வழியாக எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டெக்கை இறக்குவது

சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். டெக்கை அடிமட்ட உயரத்துக்கு இறக்குங்கள். பெல்ட் எந்தெந்த புல்லியைச் சுற்றிப் போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்த பிறகு பெல்ட்டை எடுங்கள். தொங்கு கம்பிகளில் இருக்கும் கொண்டை ஊசி மாதிரியான பின்களை உருவி, முன்சக்கரத்தை ஒரு பக்கமாக முழுசாகத் திருப்பினால் டெக்கைப் பக்கவாட்டில் இழுத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: பல மாடல்களில் உயரம் மாற்றும் கைப்பிடிக்கு ஸ்பிரிங் உண்டு. டெக்கின் எடை போனதும் பிடியைத் தளர்த்தினால் சுளீரென்று மேலே எகிறும். முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டியை ஒருக்களித்துச் சாய்த்து வேலை செய்வதும் வேண்டாம், எண்ணெயும் பெட்ரோலும் போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும்.

முடிவெடுப்பது

பிளேடுகளையும், அவற்றைத் தாங்கிச் சுழற்றும் தண்டுகளான ஸ்பின்டில்களையும் கழற்றி, புல் கட்டியைச் சுரண்டி, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துருவை எடுங்கள். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். பிறகு பழைய ஸ்க்ரூடிரைவரால் அங்குலம் அங்குலமாகக் குத்திப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் நல்ல தகடு. 'சொத்' என்று உள்ளே போனால் அந்த இடம் முடிந்தது.

ஓட்டை பக்கச் சுவரிலோ, புல் வெளியேறும் வாயருகிலோ இருந்தால் தாராளமாக ஒட்டுப் போடலாம். ஒரு ஸ்பின்டிலைச் சுற்றி விரிசல் என்றால் போடலாம், ஆனால் கவனம் தேவை. இரண்டையும் சுற்றிச் சொத்தை என்றால் வெல்டிங் கம்பியை வீணாக்காதீர்கள், புது டெக் வாங்குங்கள். வெறும் டெக் கூடு மலிவாகத் தெரியும். பேரிங்கும் கரகரக்கிறது என்றால் ஸ்பின்டில், புல்லி, பெல்ட் எல்லாம் தனித்தனியாக வாங்கிக் கூட்டிப் பாருங்கள், முழு செட் விலை பக்கத்தில் வந்து நிற்கும். சீட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். '42 இன்ச்' என்று மட்டும் பார்த்து வாங்கினால் தொங்கு கொக்கிகள் பொருந்தாது.

ஒட்டு வேலை

துரு மேலேயே தகட்டை வைத்து ஒட்டினால் மறுபடி பழைய குருடி கதவைத் திறடிதான். நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுங்கள். ஒட்டுக்கு 3 மி.மீ. சாதா இரும்புத் தகடு போதும். நாகம் பூசிய தகடு வேண்டவே வேண்டாம், வெல்டிங்கில் வரும் அந்தப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும்.

பக்கச் சுவர் வேலை எளிது. ஸ்பின்டில் உட்காரும் இடத்தில்தான் ஆள் மாட்டிக்கொள்வார். சூட்டில் தகடு நெளியும். கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிந்தாலும் ஸ்பின்டில் சாய்ந்து உட்காரும். இந்தப் பிளேடு ஒரு உயரம், அந்தப் பிளேடு ஒரு உயரம் என்று புல்லில் படிக்கட்டு விழும். லெவலிங் திருகை எவ்வளவு திருகினாலும் அது போகாது.

இதற்கு ஒரே வழி, பேரிங் கழற்றிய பழைய ஸ்பின்டில் கூட்டை அதன் இடத்தில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு வெல்டு செய்வது. தகடு நெளிய முடியாமல் அது பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் ஒரு இன்ச், எதிர்ப்பக்கம் ஒரு இன்ச் என்று மாற்றி மாற்றி வையுங்கள். நடுவில் கை வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஆறவிடுங்கள். முடிந்ததும் இரும்பு அளவுகோலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

வெல்டு வைக்க நான் பரிந்துரைப்பது பிளக்ஸ் கோர் வெல்டர் (வாயு சிலிண்டர் இல்லாமலே கம்பியால் ஒட்டும் வகை), தேய்த்துச் சமன் செய்ய கிரைண்டரில் மாட்டும் பிளாப் டிஸ்க். எபாக்ஸி பசையை நம்பாதீர்கள், அதிர்வில் உதிர்ந்துவிடும். வெல்டர் இல்லாதவர்கள் தகட்டுக்கு இருபுறமும் பெயின்ட் அடித்து, உருண்டைத் தலை போல்ட்டால் பிணைக்கலாம். தலை உள்பக்கம், நட் வெளிப்பக்கம். பிளேடைக் கையால் சுற்றி எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.

திரும்ப மாட்டுவது

புது ஸ்பின்டில் கூட்டில் பெரும்பாலும் மரை இருக்காது, போல்ட்டே வெட்டிக்கொண்டு போகும். மேசை மேல் வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் ஒருமுறை மரை வெட்டி எடுத்துவிடுங்கள். இம்பாக்ட் டிரைவரை இதில் காட்டினால் அலுமினியக் கூடு பிளந்துவிடும்.

லெவல் பார்க்கும் முன் டயர் காற்றைச் சரிபாருங்கள். பிளேடு உயரத்தில் இடம் வலம் வித்தியாசம் 1/8 இன்ச்சுக்குள் இருக்கட்டும். முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும், எவ்வளவு என்பது உங்கள் மாடல் கையேட்டில் இருக்கும்.

பின்சேர்க்கை: ஸ்பின்டிலைக் கழற்றாமலே வெல்டு செய்யலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். வெல்டரின் எர்த் கிளாம்ப் (மின்சாரம் திரும்பிப் போகும் கவ்வி) தப்பான இடத்தில் இருந்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் குழி விழவைக்கும்.

இன்னொன்று: டெக்கில் ஹோஸ் மாட்டிக் கழுவும் துளை இருக்கிறதே, அது போதாதா என்ற கேள்விக்கு: அந்தத் தண்ணீர் எல்லா மூலைக்கும் எட்டாது, கழுவியதும் அப்படியே நிறுத்திவிட்டால் ஈரம்தான் மிச்சம். கழுவுவதாக இருந்தால் பிறகு சில நிமிடம் பிளேடை ஓட்டிக் காயவிடுங்கள். நான் மரச் சுரண்டியோடு நிறுத்திக்கொள்கிறேன்.