மலை வேண்டாம், கயிறு போதும்: ஸ்னோமொபைல் இழுக்க ஸ்னோபோர்டில் போவது எப்படி?

கனடாவின் சாஸ்கட்சுவான் மாகாணத்தில் ஒரு பழைய கேலி உண்டு. வீட்டு நாய் ஓடிப்போனால், மூன்று நாளைக்கு அது ஓடுவதை வாசலில் நின்றே பார்க்கலாமாம். அவ்வளவு சமதரை. இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே, தள்ளுபடியில் கிடைத்தது என்று ஒரு ஸ்னோபோர்டு, அதாவது இரண்டு காலையும் மாட்டிப் பனியில் சறுக்கும் பலகை, வாங்கிவிட்டேன். எங்கள் சாஸ்கட்டூன் நகரிலிருந்து பான்ஃப் மலைப்பக்கம் போக 700 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. போர்டு கராஜில் தூசி படிந்து கிடந்தது. ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கும் நண்பர்தான், "மலை எதற்கு? என்கிட்ட ஸ்லெட் இருக்கே" என்றார். இங்கே ஸ்லெட் என்றால் ஸ்னோமொபைல், பனியில் ஓடும் மோட்டார் வண்டி.

இது புதுக் கிறுக்கும் அல்ல. ஸ்கீ மாட்டிய ஆளைக் குதிரை இழுத்துப் போகும் பந்தயத்தை 1928-லேயே செயின்ட் மோரிட்ஸ் குளிர்கால ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக நடத்தியிருக்கிறார்கள். கியூபெக்கைச் சேர்ந்த பொம்பார்டியே நிறுவனம் 1959-ல் ஸ்கிடூ என்ற ஸ்னோமொபைலை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, குதிரை நின்ற இடத்தில் இன்ஜின் வந்து நின்றது.

தொடங்கும் முன் ஒன்று. போர்டில் நிற்கிறவரைவிட வண்டி ஓட்டுகிறவர்தான் இதில் முக்கியம். நிற்கிறவர் புதியவராக இருக்கலாம், ஓட்டுகிறவர் புதியவராக இருக்கவே கூடாது. நான் இதைத் தோள்வலியோடு கற்றுக்கொண்டேன்.

முதலில் இடம்

வெட்டவெளியான வயல்தான் நல்லது. உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுச்சாலையும் ஸ்னோமொபைல் கிளப்புகள் பராமரிக்கும் தடங்களும் வேண்டாம். பல ஊர்களில் அங்கே கயிற்றில் ஆளை இழுக்கச் சட்டம் இடம் தராது. அமெரிக்காவின் மினசோட்டாவில் பொதுச்சாலையில் ஸ்னோமொபைல் எதை இழுத்தாலும் வளையாத தண்டால்தான் இணைக்க வேண்டும். கயிறு தொய்யும், தண்டு தொய்யாது. உங்கள் ஊர்ச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பனி பெய்யும் முன்பே வயலை நடந்து பார்த்திருந்தால் உத்தமம். அறுவடை முடிந்த கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரின் தாள் ஒவ்வொன்றும் ஈட்டி மாதிரி நிற்கும். கல், முள்வேலி, வாய்க்கால் எல்லாம் வெள்ளைப் போர்வைக்கு அடியில் ஒளிந்துவிடும். இறுகிய அடிப்பனி மேல் ஒரு சாண் புதுப்பனி இருந்தால் விழுந்தாலும் பெரிதாக வலிக்காது.

உறைந்த ஏரி பார்க்க ஆசையாக இருக்கும். முதல் நாளுக்கு வேண்டாம். ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 25 செ.மீ. தடிமன் வேண்டும் என்கிறது கனடிய செஞ்சிலுவைச் சங்கம். அதுவும் நீலம் ஓடிய தெளிவான ஐஸுக்கு. வெள்ளையாகத் தெரியும் பனி ஐஸின் பலம் அதில் பாதிதான். அதோடு, மேலே பனி இல்லாத வெறும் ஐஸில் போர்டின் விளிம்பு கடிக்காது. தண்ணீரால் குளிரூட்டப்படும் ஸ்னோமொபைல்களுக்கு டிராக் (வண்டிக்கு அடியில் சுழலும் ரப்பர் பட்டை) வாரியிறைக்கும் பனிதான் ரேடியேட்டருக்குக் காற்று மாதிரி. அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடாகிவிடும்.

கயிறும் உடுப்பும்

படகு இழுக்கும் வேக்போர்டுக் கயிறே போதும். கைப்பிடியோடு வரும், அதிகம் இழுபடாது, 18 முதல் 20 மீட்டர் நீளம் இருக்கும். ரப்பர் போல நீளும் கயிறு வேண்டாம், அது உங்களைக் கவண்கல்லாக்கிவிடும். குட்டையான கயிறும் ஆகாது. டிராக் வாரியடிக்கும் பனி முகத்தில் அறையும், புகையைச் சுவாசிக்க வேண்டிவரும், வண்டி நின்றால் நேரே அதன்மேல் போய் மோதுவீர்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிறமாக எடுங்கள். வண்டியின் பின்பக்கக் கொக்கியில், நட்டநடுவில் மாட்டுங்கள்.

கயிற்றை இடுப்பில் கட்டாதீர்கள், கையில் சுற்றாதீர்கள். விழுந்தால் கைப்பிடியை விட்டுவிட முடிய வேண்டும், அதுதான் உங்கள் உயிர்.

ஹெல்மெட், கண்ணாடி, மணிக்கட்டுக் காப்பு மூன்றும் கட்டாயம். புதிதாக ஸ்னோபோர்டு பழகுகிறவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான். மப்ளரைத் தொங்கவிடாமல் ஜாக்கெட்டுக்குள் செருகுங்கள். மைனஸ் 15 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், தோலுக்கு அது மைனஸ் 24 போல இருக்கும். மூக்கு நுனியை மறக்காதீர்கள்.

மூன்று பேர் தேவை

ஓட்டுநர், நீங்கள், அப்புறம் வண்டியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து உங்களைக் கவனிக்க ஒருவர். இன்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது. சைகைகளை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் மேலே என்றால் வேகம், கீழே என்றால் மெதுவாக, கழுத்துக்குக் குறுக்கே கை இழுத்தால் நிறுத்து. ஓட்டுநர் இன்ஜினை அணைக்கும் சாவிக்கயிற்றைத் தன் உடுப்பில் மாட்டியிருக்க வேண்டும்.

கிளம்புவது

முதலில், எந்தக் கால் முன்னால்? யாராவது எதிர்பாராமல் முதுகில் தள்ளினால் எந்தக் கால் முன்னே போகிறதோ, பெரும்பாலும் அதுதான்.

காலைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங் இரண்டையும் மாட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். போர்டின் மூக்கு வண்டியை நோக்கிச் சற்றே சாய்வாக இருக்கட்டும். முழங்காலை மடக்கி, கைப்பிடியை முன்பக்க இடுப்புக்குக் கிட்டே தாழ்வாகப் பிடியுங்கள். எடை பின்காலில் கொஞ்சம் கூடுதலாக.

இங்கேதான் என் தோள் போனது. அன்று பண்ணைக்காரர் இல்லை, இன்னொரு நண்பர் ஓட்டினார். ஸ்னோமொபைலில் கியர் கிடையாது, பெல்ட்டும் கிளட்சும்தான். த்ராட்டிலை, அதாவது ஆக்சிலரேட்டரை, லேசாக அழுத்தினால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி நகராது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கிளட்ச் பெல்ட்டைக் கவ்வும், வண்டி ஒரே பாய்ச்சல். கயிறு தரையில் பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. அது நேராகும்போது வண்டி ஏற்கெனவே வேகமெடுத்துவிட்டது. கைப்பிடி போனது, அதன் பின்னாலேயே நானும் போனேன், போர்டு மட்டும் பின்தங்கியது. பனியில் மூக்கால் ஒரு கோடு போட்டேன்.

சரியான முறை இது. ஓட்டுநர் ஊர்ந்து போய்க் கயிறு விறைக்கும் வரை மட்டும் நகர்த்தி நிறுத்த வேண்டும். நீங்கள் தலையாட்டிய பிறகுதான் இழுக்க வேண்டும். அதுவும் ஒரே அமுக்காக அல்ல, இட்லிமாவுப் பாத்திரத்தைத் தூக்கி வைக்கிற பதத்தில். நீங்களும் கையால் இழுக்காதீர்கள். கை நீண்டபடியே இருக்கட்டும், வண்டி உங்களைத் தூக்கிக்கொண்டு போகட்டும்.

போவது, திரும்புவது, நிற்பது

மணிக்கு 15, மிஞ்சினால் 20 கிலோமீட்டர். நேர்கோட்டில் மட்டும். பார்வை வண்டியின் மேல் இருக்கட்டும், காலடியைப் பார்த்தால் விழுவீர்கள். போர்டைத் தட்டையாக விடாமல் குதிகால் விளிம்பிலோ விரல் விளிம்பிலோ லேசாகச் சாய்த்தே வையுங்கள். தட்டையாகப் போகும்போது எதிர்ப்பக்க விளிம்பு பனியில் மாட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் தரையில் கிடப்பீர்கள்.

வளைவில் கவனம். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கம் ஒதுங்கினால் சாட்டை நுனி மாதிரி உங்கள் வேகம் வண்டியைவிடக் கூடிவிடும். வண்டித்தடத்துக்கு உள்ளேயே இருங்கள். ஓட்டுநர் ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு அகலமாகத் திரும்பட்டும்.

நிறுத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. த்ராட்டிலைச் சட்டென்று விட்டால் ஸ்னோமொபைல் உடனே தளர்ந்துவிடும், நீங்கள் தளரமாட்டீர்கள். கயிறு தொய்ந்து டிராக்கில் சுற்றிக்கொள்ளும். அதனால் முதலில் நீங்கள் கைப்பிடியை விட்டு, குதிகால் விளிம்பில் சாய்ந்து நில்லுங்கள். அதுவரை வண்டி நேராக ஓடிக்கொண்டிருக்கட்டும். உங்களை அழைத்துப்போகத் திரும்பி வரும்போதும் கயிற்றை வண்டிக்கு அடியில் விடாமல் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு வரவேண்டும். டிராக்கில் சுற்றிய கயிற்றை எடுக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது, அதுவும் வெறுங்கையால்.

விழப்போகிறோம் என்று தெரிந்தால் கையை ஊன்றாதீர்கள். கைவிரல்களை மடக்கி மூடி, உடம்பைச் சுருட்டி, பக்கவாட்டில் உருளுங்கள்.

முதல் நாளைக்கு அரை மணி நேரம் போதும். மறுநாள் தொடையைவிட முன்கைதான் அதிகம் வலிக்கும், தேநீர் டம்ளரைக்கூட இரண்டு கையால்தான் பிடிப்பீர்கள். வீட்டுக்குப் போனதும் கயிற்றை உள்ளே கொண்டுபோய்த் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு கராஜில் போட்டால் மறுநாள் அது கயிறாக இருக்காது, உலக்கையாக இருக்கும்.