சென்னையிலிருந்து அட்டனுக்கு எவ்வளவு நேரம்?

தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகியோ வேலைக்கோ முதல் தடவை இலங்கையின் மலையகத்துக்கு, அதாவது அட்டன், நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு, வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். விமானத்துக்குப் பதில் சுலபம். சென்னைக்கும் கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 650 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். திருச்சியும் மதுரையும் இன்னும் கிட்ட, ஒரு மணி நேரம்தான். 2006-லிருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தையும் தொட வேண்டாம்.

அதை நம்பி "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன்" என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். கொழும்பிலிருந்து அட்டன் சுமார் 130 கிலோமீட்டர்தான், ஆனால் நான்கு மணி நேரம் பிடிக்கும். நுவரெலியா என்றால் இன்னும் ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவிசாவளை வரை பெரிதாகத் தெரியாது, கித்துல்கலை தாண்டி கினிகத்தேனைக்கு பஸ் வளைந்து வளைந்து ஏறும்போதுதான் வயிறு புரட்டும், அதனால் ஒரு எலுமிச்சம்பழமும் ஸ்வெட்டரும் பெட்டிக்குள் இல்லாமல் கையிலேயே இருக்கட்டும். இங்கே யாரிடம் தூரம் கேட்டாலும் மணிக்கணக்கில்தான் சொல்வார்கள், நீங்களும் அப்படியே கேட்கப் பழகுங்கள்.

காலை விமானத்தில் வாருங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். என் அண்ணி கல்யாணமாகி வந்தபோது டிக்கெட் மலிவு என்று மாலை விமானத்தில் போட்டுவிட்டோம், நடுராத்திரி அட்டனில் வந்து இறங்கினால் ஒரே பனிமூட்டம், தோட்டத்துக்கு வர எந்த ஓட்டோவும் தயாராக இல்லை. புதுப்பெண் விடியும்வரை குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்காது.

ஆமாம், டவுனோடு பயணம் முடியாது. தோட்டத்துக்குப் போகிற பஸ் ஒரு நாளைக்குச் சில தடவைதான், மற்ற நேரம் ஓட்டோதான். தோட்டத்தின் பெயரோடு எந்த டிவிசன் (தோட்டத்தின் பிரிவு) என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் நடுவே மலையே இருக்கலாம். பல தோட்டங்களுக்கு போர்டில் ஒரு ஆங்கிலப் பெயரும் நம் ஆட்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரும் உண்டு, இரண்டையும் தெரிந்து வைத்திருந்தால் யாரிடமும் வழி கேட்கலாம்.

ரயில் மெதுவாகத்தான் வரும், ஆனால் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அதுதான் சுகம். நுவரெலியா டவுனில் ஸ்டேஷன் கிடையாது, நானுஓயாவில் இறங்கி எட்டு கிலோமீட்டர் போல மேலே போக வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடுவது உண்டு, புறப்படுவதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

நம் பாட்டன்மார் தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள், வழியிலேயே செத்துப்போனவர்கள் எத்தனையோ பேர். அப்புறம் கப்பலும் ரயிலும் வந்தன, 1964 புயலில் தனுஷ்கோடி அழியும்வரை தலைமன்னாருக்கு அங்கிருந்துதான் கப்பல். அந்த வழியை நினைத்தால் நான்கு மணி நேர பஸ் எனக்குப் பெரிதாகத் தெரியாது.

இன்னொன்று, டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகிற கூட்டம் பெரும்பாலும் அட்டன் வழியாகத்தான் வரும், ஏப்ரலில் நுவரெலியா வீதி முழுக்க வாகனம். அந்த மாதங்களில் வருவதென்றால் ரயில் இருக்கையை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள், இல்லையென்றால் நின்றுகொண்டேதான் வர வேண்டும்.