குட்டிச்சாத்தான் கார்ட்டூன் வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொம்பு, கோரைப்பல், பச்சை உடம்பு மூன்றையும் போட்டுவிட்டால் குட்டிச்சாத்தான் தயார் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால்தான் படம் அசையத் தொடங்கியதும் குறும்பு காணாமல் போகிறது. குறும்பைக் காட்டுவது பிரேம் கணக்கு, அதாவது திரையில் அடுத்தடுத்து ஓடும் படங்களில் எந்த அசைவுக்கு எத்தனை என்ற கணக்கு.

கிருஷ்ணகிரி மாந்தோப்பில் காவல்காரருக்குத் தெரியாமல் அது கூடையிலிருந்து மாம்பழம் திருடுகிறது என்று வைப்போம். நொடிக்கு 24 பிரேம். கை நீட்டுவது, எடுப்பது, ஓடுவது என எல்லாவற்றுக்கும் பிரேமைச் சமமாகப் பங்கிட்டால் அது திருட்டாகவே தெரியாது, யாரோ சந்தையில் பழம் பொறுக்குவது போலிருக்கும். முதலில் காவல்காரரை ஓரக்கண்ணால் பார்த்தபடி 12 பிரேம் அசையாமல் நிற்கட்டும். கை பின்னால் இழுபட 8 பிரேம் கொடுங்கள். பழத்தை வெடுக்கென்று எடுப்பதற்கு 3 பிரேம் போதும். எடுத்ததும் பழத்தைக் கட்டிப்பிடித்தபடி இன்னொரு 12 பிரேம் நிறுத்தம். குழந்தைகள் சிரிப்பது இந்தக் கடைசி நிறுத்தத்தில்தான். நீளம் குறைக்க இதை வெட்டிவிடுபவர்கள் சிரிப்பையே வெட்டிவிடுகிறார்கள்.

ஓட்டத்துக்கு ஒரு காலடிக்கு 4 பிரேம். மற்ற அசைவுகளில் செய்வதுபோல் இங்கேயும் ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தால் ஓரடிக்கு இரண்டே படம்தான் கிடைக்கும், கால்கள் வெட்டிவெட்டித் தெரியும். ஓட்டத்தை மட்டுமாவது பிரேமுக்கு ஒரு படமாக வரையுங்கள்.

குதித்து விழும்போது உடம்பு நசுங்க வேண்டும். உயரத்தை மட்டும் குறைத்தால் உடம்பே சிறுத்துவிட்டது போலாகும். உயரம் 100-லிருந்து 70-க்கு இறங்கினால் அகலம் 100-லிருந்து சுமார் 143-க்கு ஏற வேண்டும். கையில் பித்தளைச் சொம்பு இருந்தால் அது மட்டும் நசுங்கக் கூடாது.

மொத்த உயரம் இரண்டரை முதல் மூன்று தலை அளவு, அதாவது அதன் தலை உயரத்தைப் போல் அத்தனை மடங்கு இருக்கட்டும். ஐந்து தலைக்குப் போனால் வளர்ந்த ஆளாகிவிடும்.

பச்சை உடம்பு மாவிலைக்கு முன்னால் மறைந்துபோகும். காவி நிறம் கொடுத்தால் தர்மபுரிச் செம்மண்ணில் கரைந்துவிடும். காட்சியைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்து, உடம்புக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் இருக்கிறதா என்று சோதியுங்கள். பிறகு உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பி, போன் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்குங்கள். காது எது, கை எது என்று தெரியாவிட்டால் கையை மார்புக்கு முன்னாலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள்.

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து ஊரைக் கதைக்களமாக வைப்பவர்கள் ஒன்றில் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும். முறுக்கு மீசை, உருட்டு விழி, கையில் அரிவாள் என்று வரைந்தால் அது முனியப்பன். ஊரைக் காக்கும் சாமி என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறவர்கள் பார்க்கும் படம் இது. அந்த அடையாளங்களை மாம்பழத் திருடனுக்குக் கொடுக்காதீர்கள். புளியமரத்தில் குடிவைத்தால் போதும், எந்த ஊர் உயிரி என்று தெரிந்துவிடும்.

குரலைக் கீச்சென்று மாற்ற, பதிவை 25 சதவீதம் வேகப்படுத்தினால் சுருதி ஏறக்குறைய 4 அரைச்சுரம் (ஹார்மோனியத்தில் கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து அடுத்தடுத்த 4 கட்டை) ஏறும். வழக்கமான வேகத்தில் பேசியதை அப்படி ஏற்றினால் வசனம் குழம்பும். பேசுபவர் வேண்டுமென்றே நிதானமாக, சொல் சொல்லாகப் பேச வேண்டும். வேகப்படுத்திய ஒலியை வைத்துத்தான் வாயசைவு வரைய வேண்டும். முந்திக்கொண்டு வரைந்தால் 10 நொடி வசனம் 8 நொடியாகச் சுருங்கும்போது 48 பிரேம் வாயசைவு வீணாகும்.