வடகிழக்குச் சுற்றுலா: மாலை நேரத்தைக் கோட்டைவிட வைக்கும் தவறுகள்

டிசம்பர் விடுமுறைக்கு மேகாலயா, அசாம் என்று கிளம்புகிறவர்கள் விமானம், ஹோட்டல், ஸ்வெட்டர் எல்லாம் பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்கிறார்கள், ஆனால் அங்கே எத்தனை மணிக்கு இருட்டும் என்று மட்டும் பார்ப்பதில்லை. டிசம்பர் தொடக்கத்தில் குவஹாத்தியிலும் ஷில்லாங்கிலும் மாலை 4.30 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அதே நாளில் சென்னையில் 5.40 ஆகும், கோவையில் கிட்டத்தட்ட ஆறு.

நாடு முழுக்க ஒரே கடிகாரம் என்பதால்தான் இந்தக் குழப்பம். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அங்கிருந்து ஒவ்வொரு டிகிரி கிழக்கே போகப் போக சூரியன் 4 நிமிடம் முந்திக்கொள்ளும். சென்னைக்கும் குவஹாத்திக்கும் 11 டிகிரிக்கு மேல் வித்தியாசம், அதிலேயே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. குவஹாத்தி வடக்கே தள்ளியும் இருப்பதால் குளிர்காலப் பகல் இன்னும் சுருங்கும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்து, 'பாகான் நேரம்' என்று தனிக் கணக்கில் வேலை நடப்பது இதனால்தான்.

நிறையப் பேர் செய்யும் தவறு, நம்மூர் வழக்கப்படி ஒன்பது, பத்து மணிக்குக் கிளம்புவது. காலை டிபன் அறை வாடகையோடு சேர்ந்தது, அதை ஏன் விட வேண்டும் என்று காத்திருப்பார்கள். வெளியே ஆறு மணிக்கே விடிந்திருக்கும், அதாவது உங்கள் பகலில் மூன்று மணி நேரம் அப்போதே கழிந்தாயிற்று. டிபனைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லி முதல் நாள் இரவே பேசிவிடுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

மேகாலயாவின் நொங்ரியாட் கிராமத்தில், உயிருள்ள மரவேர்களைப் பின்னி உருவாக்கிய இரண்டடுக்கு வேர்ப்பாலத்துக்குப் போகிறவர்கள் இதை ரொம்பக் கவனிக்க வேண்டும். டிர்னா கிராமத்திலிருந்து 3,000-க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், நடுவே ஆற்றுக்கு மேல் கம்பித் தொங்குபாலங்கள் வேறு. இறங்கும்போது சுலபமாகத்தான் தெரியும், திரும்பி ஏறும்போது முழங்கால் கெஞ்சும். ஷில்லாங்கில் பத்து மணிக்குக் கிளம்பினால் டிர்னாவுக்கு வரவே நண்பகல் தாண்டிவிடும், கீழே போய்க் குளத்தில் காலை நனைத்து, படம் எடுத்து, நிமிர்ந்து பார்த்தால் மூன்றரை மணி. மிச்சமிருப்பது ஒரு மணி நேர வெளிச்சம், ஏற வேண்டியது மொத்தப் படியும். வயதானவர்களோ குழந்தைகளோ கூட இருந்தால் தயவுசெய்து இந்த விஷப்பரீட்சை வேண்டாம். முதல் நாளே சோரா (சிரபுஞ்சி) பக்கம் தங்கிவிட்டு விடிந்ததும் இறங்குங்கள், அல்லது நொங்ரியாட்டிலேயே வீடுகளில் தங்க இடம் தருகிறார்கள், என்னைக் கேட்டால் அதுதான் நல்லது. டார்ச்சை மறக்காதீர்கள், போன் வெளிச்சத்தை நம்பி அந்தப் படிகளில் கால் வைக்கக் கூடாது.

இன்னொன்று, போனில் காட்டும் அஸ்தமன நேரத்தை அப்படியே நம்புவது. அது தட்டையான அடிவானத்துக்கான கணக்கு. பள்ளத்தாக்கில் நின்றால் மலை முன்கூட்டியே வெயிலை மறைத்துவிடும். சூரியன் மறைந்த பிறகும் ஏறக்குறைய 25 நிமிடம்தான் கண்ணுக்கு உதவுகிற வெளிச்சம் இருக்கும், மூடுபனி இறங்கினால் அதுவும் இல்லை.

விமானம் மூன்று மணிக்கு இறங்கும், அப்படியே ஷில்லாங் போகிற வழியில் உமியம் ஏரியைப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். குவஹாத்தி விமான நிலையத்திலிருந்து ஷில்லாங் 100 கிலோமீட்டருக்கு மேல், மலைப்பாதை, லாரி நெரிசல். ஏரிக்கு வரும்போது கும்மிருட்டாக இருக்கும். திரும்பும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 21-தான் பகல் குறைந்த நாள், அதனால் அதற்கு முன்னால் போனால் மாலை கொஞ்சம் நீளும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். பகல் குறைவது அன்றைக்குத்தான், ஆனால் மாலையில் சீக்கிரமாக இருட்டுவது நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரத்தில். ஆண்டுக் கடைசியில் போனால் மாலையில் பத்து நிமிடம் கூடுதலாகவே கிடைக்கும்.

அந்தமானிலும் இதே கதைதான், டிசம்பரில் ஐந்து மணி வாக்கில் அஸ்தமனம். ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் த்வீப் என்று பெயர்) ராதாநகர் கடற்கரை மேற்குப் பக்கம், தங்கும் விடுதிகளில் பெரும்பாலானவை கிழக்குப் பக்கம். நான்கு மணிக்கே மணலில் இருங்கள், போகும்போதே ஆட்டோவைத் திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

மேற்கே போனால் கணக்குத் தலைகீழ். துவாரகையில் ஜூன் மாதம் ஏழரை மணிக்குத்தான் சூரியன் மறையும், ஆறு மணிக்குக் காற்றாட நடக்கலாம் என்று போனால் வெயில் முகத்தில் அறையும். அங்கே மதியம் நன்றாகத் தூங்கி எழுந்து, ஏழு மணிக்கு மேல் கிளம்பினால் போதும்.